கோவளத்தில் ஒரு மிக்-21

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் கோவளம் வந்துவிடும். தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் பெயரால் வழங்கும் தர்காவிற்கு ஸியாரத் செய்ய வருவோரும், கடற்காற்று வாங்க வருவோரும் ஓரிரு மணி நேரம் தங்கிவிட்டு மாமல்லபுரம் நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றனர். நவாபு காலத்துக் கோட்டையொன்று இங்கிருந்ததையும், 1752-இல் கிளைவின் படை அதனைக் கைப்பற்றியதையும் அறிந்தவர் சிலரே. அந்தக் கோட்டை நின்ற இடத்தில் இன்று நட்சத்திர விடுதி நிற்கின்றது. நான் சொல்ல வந்தது கோட்டையைப் பற்றியன்று. இவ்வூர்ச் சந்து ஒன்றில், என் தமக்கையார் வீட்டு முன்னறை மேசைமீது நிற்கும் ஒரு போர் விமானத்தைப் பற்றியே எழுத முற்படுகின்றேன்.

விமானத்தின் நீளம் அரை மீட்டருக்கு ஒரு விரற்கடை குறைவு. இறக்கையின் அகலம் ஒரு சாண். முழுவதும் பிளாஸ்டிக். ஆயினும் முதன்முறை கண்டபோது பிளாஸ்டிக் என்ற எண்ணமே எனக்குத் தோன்றவில்லை. வெயிலில் வெளுத்த சாம்பல் நிறம். காலடி பட்டுத் தேய்ந்த இறக்கை மூலை. வயிற்றுப் பகுதியில் பின்னோக்கி வழிந்த எண்ணெய்க் கறை.

"பொம்மைக்கு எண்ணெய் ஒழுகுமா மச்சான்?" என்று வேடிக்கையாகக் கேட்டேன்.

"பொம்மைக்கு ஒழுகாது தம்பி. மிக்கிற்கு ஒழுகும்" என்றார் அவர்.

தமக்கையாரின் கணவர் இந்திய விமானப்படையில் இருபது ஆண்டுகள் பணியாற்றியவர். விமானியாக அல்லர், விமானத்தைப் பழுது பார்க்கும் தொழில்நுட்பப் பிரிவில். 1974-இல், பதினெட்டு வயதில், கோவளத்திலிருந்து அதிக தூரமில்லாத தாம்பரத்திலேயே பயிற்சி பெற்றார். பின்னர் வடநாட்டுத் தளங்களில் பனியிலும் புழுதியிலும் மிக்-21 விமானங்களோடு வாழ்ந்தார். சார்ஜென்டாக ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பின் அவ்விமானங்களைப் பற்றி வீட்டில் அவர் அதிகம் பேசியதில்லை. ஷார்ஜாவில் பணிபுரியும் மகன், 2025-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு வந்தபோது, ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து தந்தையின் மடியில் வைத்தான். மேலே மிக்-21 பறந்துகொண்டிருந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் துண்டுகள்.

மிக்-21 என்னும் பெயர் நம் நாளிதழ் வாசகர்களுக்குப் புதியதன்று. சோவியத் நாட்டு வடிவமைப்பாளர்களான மிகோயான், குரேவிச் ஆகிய இருவரின் பெயர்களை இணைத்துப் பிறந்ததே 'மிக்'. ஒலியைப்போல் இரு மடங்கு வேகம், ஒற்றை எஞ்சின், முக்கோண இறக்கை, காற்றை உறிஞ்சும் வட்டமான வாயும் அதன் நடுவே முன்னும் பின்னும் நகரும் கூம்பும். உலகெங்கும் 11,000-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. நம் நாட்டிற்கு 1963-இல் வந்தது. பின்னர் நாசிக்கில் நாமே கட்டினோம். 1971 போரிலும் 1999 கார்கில் மோதலிலும் பறந்தது. அறுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகாரில் விழா எடுத்து அதற்கு விடை கொடுத்தனர்.

புகழோடு பழியும் அதற்கு உண்டு. 2012-இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் அளித்த கணக்கின்படி, வாங்கப்பட்ட 872 மிக் வகை விமானங்களுள் பாதிக்கு மேல் விபத்துகளில் அழிந்தன. 171 விமானிகள் உயிரிழந்தனர். 'பறக்கும் சவப்பெட்டி' என்று பத்திரிகைகள் பட்டம் சூட்டின. அந்தச் சொல்லை என் மைத்துனர் முன்னிலையில் நான் ஒருமுறை உச்சரித்துவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. எழுந்து சென்று திண்ணையில் அமர்ந்துகொண்டார். அன்றிலிருந்து அந்தச் சொல்லை அந்த வீட்டில் நான் பயன்படுத்துவதில்லை.

பெட்டியைத் திறந்த அன்றே வீட்டில் இரு வழக்குகள் எழுந்தன. முதல் வழக்கு தமக்கையாருடையது: "இத்தனை ஆயிரம் கொடுத்துப் பிளாஸ்டிக் வாங்குவது வீண்விரயம் இல்லையா? பெரியவருக்குக் கண்புரை அறுத்து ஓராண்டுகூட ஆகவில்லை. கைவிரலும் நடுங்குகின்றது." இரண்டாவது வழக்கை எழுப்பியவர் அடுத்த வீட்டு மூதாட்டி: "உருவம் செய்வது ஆகுமா?"

இரண்டாவதற்கு விடை எளிதில் கிடைத்தது. உருவங்கள் செய்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் நிலையைக் கூறியபோது, செய்தே ஆகவேண்டுமெனில் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் செய்துகொள்ளுமாறு அவர்கள் அறிவுறுத்தியதாக புகாரியில் வரும் செய்தியைப் பள்ளிவாசல் இமாம் எடுத்துக் கூறினார். அதோடு நில்லாமல் அபூதாவூதில் வரும் ஒரு நிகழ்ச்சியையும் நினைவூட்டினார். காற்றில் திரை விலக, ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருள்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பார்வையில் பட்டன. அவற்றின் நடுவே துணியால் ஆன இரண்டு சிறகுகளோடு ஒரு குதிரை! குதிரைக்குச் சிறகா என்று பெருமானார் கேட்க, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று நாயகி திருப்பிக் கேட்டார்கள். பெருமானார் கடைவாய்ப்பற்கள் தெரியும்படி சிரித்தார்கள். அன்று முதல் அடுத்த வீட்டு மூதாட்டியே, "சிறகு வைத்தாயிற்றா?" என்று நாள்தோறும் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

முதல் வழக்கு அவ்வளவு எளிதாக முடியவில்லை. அதற்குத் தீர்வு காணப் பல மாதங்கள் ஆயின. தீர்ப்பளித்தவரும் தமக்கையாரே.

இத்தகைய பெட்டிகளின் வரலாறு சுவையானது. இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர் ஹங்கேரியிலிருந்து தஞ்சம் புகுந்த ஒரு யூதர். தலைவாரும் சீப்புகளைச் செய்துகொண்டிருந்த அந்நிறுவனம், 1949-இல் ஒரு டிராக்டரின் மாதிரியையும், 1953-இல் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மாதிரியையும் வெளியிட்டது. ஜப்பானின் தமியா, மரம் அறுக்கும் தொழிலிலிருந்து இத்துறைக்கு வந்த நிறுவனம். ஆனால் மாதிரி விமானம் விளையாட்டுப் பொருளாவதற்கு முன்பே போர்க்கருவியாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது வானத்தில் தெரியும் நிழல் நம்முடையதா, எதிரியுடையதா என்று நொடியில் அறியப் படைவீரர்களைப் பழக்க வேண்டியிருந்தது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர மாதிரிகளைச் செதுக்கித் தரும்படி கேட்டது. ஆறடிக்கு ஓர் அங்குலம் என்பது அவற்றின் அளவு; அதாவது 72-இல் ஒரு பங்கு. மாணவன் இறக்கையின் வளைவைத் தவறாகச் செதுக்கினால், அதைப் பார்த்துப் பழகியவன் தன் நாட்டு விமானத்தையே சுட்டுவிடக் கூடும். அளவு பிசகாமை என்னும் ஒழுக்கம் இக்கலைக்கு அங்கிருந்து வந்தது போலும்.

கோவளத்திற்கு வந்த பெட்டி அதைவிடப் பெரிய அளவு: 32-இல் ஒரு பங்கு. அப்படியானால், ஐந்தரை அடி மனிதன் இந்த உலகில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்திற்குச் சற்றே கூடுதலாக நிற்பான். சாயம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடித்துவிட்டால், உண்மை விமானத்தின்மீது மூன்று மில்லிமீட்டர் தாரைப் பூசியதற்குச் சமம். பெரிய அளவு மாதிரியில் எதையும் மறைக்க இயலாது. சிறியதில் புள்ளியாக வைத்தால் போதுமான ஒரு திருகு, இங்கே திருகாகவே இருந்தாக வேண்டும்.

வேலையைத் தொடங்கியபோதுதான் கை நடுக்கம் இடையூறானது. பெரியவருக்கு அறிவு இருக்கின்றது. விரல் ஒத்துழைக்க மறுக்கின்றது. மகள் வயிற்றுப் பேரன், ஒன்பதாம் வகுப்பு படிப்பவன், கைப்பேசியும் கையுமாகத் திரிந்தவன். அவனுக்கு விரல் இருக்கின்றது, பொறுமை இல்லை. இருவரையும் சேர்த்துவைத்து ஒரு முழு ஆள் ஆக்கினோம் என்று தமக்கையார் இன்றும் சொல்லிச் சிரிப்பார். அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கி மஃரிபுக்கு பாங்கு சொல்லும்வரை வேலை. பாங்கு கேட்டதும் பசைக்குப்பியின் மூடி திருகப்படும்.

பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கை உருக்கி எஃகு அச்சில் அழுத்தி ஊற்றிச் செய்யப்பட்ட துண்டுகள், மரக்கிளையில் காய்கள் போல ஒரு சட்டகத்தில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அவற்றை முறித்து எடுத்தல் கூடாது. நிப்பரால் சற்றுத் தள்ளி நறுக்கி, மிச்சத்தை பிளேடால் சீவி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இதற்கான பசை உண்மையில் பசையன்று. பிளாஸ்டிக்கின் விளிம்பைக் கரைத்து ஒன்றோடொன்று உருகச் செய்யும் ஒருவகைக் கரைப்பான். ஆகவே, தவறாக ஒட்டியதைப் பிரிப்பது அரிது. பேரன் முதல் வாரத்திலேயே ஒரு சக்கரக் கதவை இடவலம் மாற்றி ஒட்டிவிட்டான். நன்னா திட்டுவார் என்று அஞ்சினான். "விமானத்தில் இப்படிச் செய்திருந்தால் என்ன செய்வோம் தெரியுமா? மறைக்க மாட்டோம். போய்ச் சொல்லுவோம். நீ சொன்னாய் அல்லவா, அது போதும்" என்றாராம். கதவை அறுத்தெடுத்து விளிம்பைத் திரும்பக் கட்ட மூன்று நாள் ஆயிற்று.

முதலில் முடிக்க வேண்டியது விமானியின் அறை. மிக்-21 விமானியின் அறைச் சுவர்கள் நீலமும் பச்சையும் கலந்த ஒரு விந்தையான நிறம். கண்ணுக்கு அயர்ச்சி தராது என்று கருதிப் பூசியது என்பர். கடையில் அந்நிறக் குப்பி கிடைக்கவில்லை. நீலத்தில் பச்சையையும் வெள்ளையையும் கலந்து பார்த்தனர். பேரன் படத்தைக் காட்டி, "இதோ சரியாக இருக்கின்றது நன்னா" என்பான். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் இருந்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் நீலம்" என்பார். நினைவிலிருந்து ஒரு நிறத்தை எடுப்பதை நான் அன்றுதான் கண்டேன். இருக்கைப் பட்டைகளுக்கு, தமக்கையார் தீர்த்த மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள். பட்டை நுனிக் கொக்கிக்கு, பழைய சார்ஜரைப் பிரித்தெடுத்த செப்புக் கம்பி.

கோவளத்திற்கே உரிய உதவிகளும் வந்தன. இவ்வகை விமான மாதிரிக்குப் பின்பாரம் அதிகம். மூக்கில் எடை வைக்காவிடில் வாலில் குந்திவிடும். அதற்கு மீன்பிடி வலையில் கட்டும் ஈயக்குண்டுகள் ஆறு போதுமாயின. உடற்பகுதியின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழுந்த இடுக்கை அடைக்க, கரையில் ஃபைபர் படகுகளைச் செப்பனிடும் ஒருவர் தாம் வைத்திருந்த பட்டியைத் தந்தார். அத்துடன், மெல்லியதாக இருமுறை பூசவேண்டும், ஒரே முறை கெட்டியாகப் பூசினால் உள்ளே காயாது என்ற தொழில் நுணுக்கத்தையும் தந்தார். மூக்கின் மேலே ஈட்டிபோல் நீண்டு காற்றின் வேகத்தை அளக்கும் குழாயை, பெட்டியில் வந்த பிளாஸ்டிக்கை விடுத்து, ஊசியால் செய்தனர். தடித்த மருத்துவ ஊசியின் குழலுக்குள் மெல்லிய ஊசியொன்றைச் செருகினால், உண்மைக் குழாய் படிப்படியாகச் சிறுப்பது போலவே அமைகின்றது. முனை மழுங்கத் தேய்த்த பின்னரே பேரன் கையில் கொடுத்தார். வீட்டில் இம்முயற்சி செய்வோர் இதனையும், தின்னர் வாசனையை அடைத்த அறையில் நுகரலாகாது என்பதனையும் மறத்தல் ஆகாது. அந்த வீட்டில் சாயம் அடிக்கும்போது இரு சன்னல்களும் திறந்தே இருக்கும், முகமூடியும் உண்டு, அடுப்பங்கரைப் பக்கம் குப்பி போவதில்லை.

சக்கரம் ஒடுங்கும் குழிகளில்தான் பெரியவர் அதிக நாள்களைச் செலவிட்டார். விமானத்தை மேசையில் நிறுத்திவிட்டால் அக்குழிகளை எவரும் காணப்போவதில்லை. பெட்டிக்காரர்களும் ஓரளவோடு நிறுத்திக்கொண்டனர். இவரோ எந்தக் குழாய் எந்த வளையத்தின் பின்னால் செல்லும், எது பிரேக்கிற்கு, எது ஹைட்ராலிக்கிற்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, பேரன் கம்பியை வளைத்து ஒட்டினான். "யார் பார்க்கப்போகின்றார்கள் நன்னா?" என்று அலுத்துக்கொண்டவனிடம், "நான் படுத்துக்கொண்டு கை விட்டுப் பார்த்த இடம் அதுதானடா. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது விமானம். எனக்கு இந்தப் பொந்துதான் விமானம்" என்றார்.

தோல் எவ்வாறு இருக்கவேண்டும் என்பதைக் காட்ட, ஒரு ஞாயிறன்று பேரனைச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். நானும் உடன் சென்றேன். கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தில் மாருத் போர் விமானம் ஒன்று நிறுத்தப்பட்டுள்ளது. அது மிக் அன்று. எனினும் வெயிலும் மழையும் பட்ட உலோகத்தில் ஆணிகளின் வரிசை எப்படித் தெரியும், தகடுகள் சேரும் கோட்டில் அழுக்கு எப்படிப் படியும் என்பதைப் பேரன் அங்கே கற்றான். படத்தில் கறுப்பாகத் தெரிவது உண்மையில் கறுப்பன்று, பழுப்பு என்பது அவன் கண்டுபிடித்தது.

மாருத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் அப்பால் செல்ல மனம் வரவில்லை. ஜெர்மானிய அறிஞர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் வடிவமைக்கப்பட்ட இவ்விமானம், 1961 ஜூன் 17 அன்று முதன்முதலில் பறந்தது. அதற்கு முன்பே, 1959-இல், மரத்தால் முழு அளவில் ஒரு மாதிரி செய்து, எஞ்சின் இல்லாமல், டக்கோட்டா விமானத்தால் இழுத்துச் சென்று வானில் விட்டுப் பார்த்தனர். அந்த மர மாதிரி எழுபதுக்கும் மேற்பட்ட முறை பறந்தது. உலோகத்தில் தவறு செய்தால் உயிர் போகும். ஆதலால் மரத்தில் முதலில் தவறு செய்து பார்த்தார்கள். மாதிரி என்றாலே பொம்மை என்று எண்ணிய நான் என் எண்ணத்தை மாற்றிக்கொண்டது அன்றுதான்.

திரும்பும் வழியில் பேச்சு இயல்பாகவே அப்துல் கலாம் அவர்களிடம் சென்றது. 1950-களில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தபோது, தமக்கை ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பியை அனுப்பினார். அக்கல்லூரியில் நிறுத்தி வைத்திருந்த, பணியிலிருந்து நீக்கப்பட்ட இரண்டு விமானங்களின் அருகிலேயே அந்த இளைஞர் நேரங்கழித்தார். தாழப் பறந்து தாக்கும் விமானமொன்றை வடிவமைக்கும் பணியில் அவர் பின்தங்கியபோது, கல்லூரித் தலைவர் மூன்று நாள் கெடு விதித்ததையும், அவர் உறக்கம் துறந்து வரைபடத்தை முடித்ததையும் பலர் படித்திருப்பீர்கள். பின்னர் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குச் சென்று, எட்டுப் பேரை எடுத்த இடத்தில் ஒன்பதாவதாக வந்தார். பேரன் இக்கதையைக் கேட்டுவிட்டுக் கலாமைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த வளையல்களை மீட்டார்களா?" என்றுதான் கேட்டான். தம் சம்பாத்தியத்தில் மீட்டுத் தருவதாக அவர் தமக்குள் உறுதி பூண்டதைச் சொன்னேன். வீடு திரும்பியதும் அவன் அதைப் பாட்டியிடம் ஒப்பித்தான். வீண்விரய வழக்கில் தமக்கையாரின் குரல் சற்றுத் தணிந்தது அன்றிலிருந்துதான்.

செப்டம்பர் 26 அன்று சண்டிகார் விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். மேசைமீது எங்கள் விமானம் சாம்பல் பூச்சோடு, சின்னங்கள் இன்றி நின்றிருந்தது. 23-ஆம் படைப்பிரிவின் விமானங்கள் கடைசியாகத் தரையிறங்கின. பெரியவர் இமைக்காமல் பார்த்தார். சக்கரம் தரையைத் தொட்டு, வாலடியில் பாராசூட் விரிந்ததும், "சரி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மிக்-21 தரையிறங்கும் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல். அந்தப் பாராசூட் விரியும்வரை கீழே நிற்பவன் மூச்சு விடுவதில்லை என்பதைப் பிறகு ஒருநாள் சொன்னார்.

பெட்டியிலிருந்த ஒட்டுச் சின்னங்களில் நம் நாட்டுச் சின்னம் இல்லை. நடுவில் பச்சை, அடுத்து வெள்ளை, வெளியே காவி என்னும் வட்டங்களை, கவராயத்தில் பிளேடு முனையைப் பொருத்தி நாடாவில் வட்டம் வெட்டி, ஒவ்வொரு நிறமாகத் தெளித்தனர். ஆறு வட்டங்களுக்கு நான்கு மாலைகள்.

அதன் பிறகுதான் இடி விழுந்தது. நவம்பர் மாதம், அடைமழை. வேலை முடியும் தறுவாயில் பேரனுக்குப் பொறுக்கவில்லை. நன்னா உறங்கும் நேரம் பார்த்து, மேற்பூச்சு வார்னிஷை ஏர்பிரஷில் ஊற்றி விமானம் முழுவதும் தெளித்துவிட்டான். பத்து நிமிடத்தில் விமானம் பால் படர்ந்த கண்போல் வெளுத்துவிட்டது. ஏழு மாத உழைப்பு! அழுதுகொண்டே என்னைத் தொலைபேசியில் அழைத்தான். நன்னாவை எழுப்ப அஞ்சினான்.

காரணம் எளியது. வார்னிஷிலுள்ள கரைப்பான் விரைவில் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கின்றது. கடலோர மழைக்காற்றின் ஈரம் அக்குளிர்ச்சியில் நுண்துளியாகப் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கின்றது. அதுவே வெண்மை. கோவளத்தில் கம்ப்ரஸர் குழாயில் வைத்த நீர்ப்பொறியே கால் மணி நேரத்தில் நிறைந்துவிடும். அப்படியிருக்க, மழைநாளில் வார்னிஷ் அடிக்கலாமா? பெரியவர் எழுந்து வந்து பார்த்தார். தொடவில்லை. "இதற்கு மருந்து இன்று இல்லை. காய்ந்த நாள் வரும்வரை துணி போட்டு மூடு" என்று மட்டும் கூறினார். மழை விட்டு வெயில் தெளியப் பதினோரு நாள்கள் ஆயின. அத்தனை நாளும் பேரன் துணியைத் தூக்கிப் பார்க்கவில்லை. இதனை நான் அவனுடைய பெரிய சாதனையாகவே கருதுகின்றேன். பன்னிரண்டாம் நாள் முற்பகல், மெதுவாக ஆவியாகும் தின்னரைப் பனிபோல் மெல்லத் தெளித்தனர். பூச்சு திரும்ப இளகியது; சிக்கிய ஈரம் வெளியேறியது; வெண்மை மெல்ல மெல்ல விலகி அடியிலிருந்த சாம்பல் வெளிப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று முதலில் சொன்னவர் தமக்கையார். அவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நாங்கள் அப்போதுதான் கவனித்தோம்.

எஞ்சியது ஒன்றே. ஷார்ஜாவிலிருந்து மகன் தனியாக ஒரு விமானி உருவத்தையும் வாங்கி அனுப்பியிருந்தான். தலைக்கவசம், முகம், கைகள் எல்லாம் நேர்த்தியாக வார்க்கப்பட்டது. பேரனுக்கு அதை உள்ளே அமர்த்தி, கண்ணாடியை மூடி, சக்கரங்களை மடக்கி, பறக்கும் கோலத்தில் தண்டின்மேல் நிறுத்த ஆசை. பெரியவர் உருவத்தைப் பெட்டியிலேயே வைத்து மூடினார். உயிருள்ளதன் உருவம் என்பதால் விலக்குகின்றார் என்றே நாங்கள் எல்லோரும் எண்ணினோம். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சக்கரங்கள் தரையில், முன்னும் பின்னும் அடைகட்டைகள், கண்ணாடி மூடி வலப்பக்கமாகத் திறந்து, இடப்பக்கத்தில் ஏணி என்று அவரே முடிவு செய்தார். பெட்டியில் ஏணி இல்லை. சட்டகத்தின் கழிவுத் தண்டுகளை மெழுகுவத்தியில் இளக்கி இழுத்து, மெல்லிய கம்பிகளாக்கி, பேரன் இரு நாளில் ஏணியைச் செய்து முடித்தான்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் திண்ணையில் அமர்ந்திருந்தோம். நான் கேட்கவில்லை, அவராகவே தொடங்கினார். 1980-களின் நடுவில் ஒரு குளிர்காலக் காலை. ஏழு நூறாம் எண் படிவத்தில் தம் கையெழுத்து. அதன் கீழ் விமானியின் கையெழுத்து. இருபத்தாறு வயது இளைஞர், கேரளத்தவர். பட்டைகளை இழுத்துக் கட்டிவிட்டு இவர் இறங்கி, ஏணியைக் கழற்றி ஓரமாக வைத்தார். விமானி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எழும்பிய சில நொடிகளில் பறவையொன்று எஞ்சினுக்குள் போயிற்று. ஒற்றை எஞ்சின், தாழ்ந்த உயரம். விசாரணை நடந்தது, பழுது பார்த்தவர் எவர்மீதும் குற்றமில்லை என்று முடிந்தது.

"அன்று முழுவதும் அந்த ஏணி அங்கேயே இருந்தது தம்பி. எடுத்துப்போகச் சொல்லி யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் கை வரவில்லை" என்றார்.

பேரனுக்கு இது இன்னும் தெரியாது. சொல்லும் வயது வரும்போது அவரே சொல்லுவார், இன்ஷா அல்லாஹ்.

விமானம் இப்போது முன்னறையில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கின்றது. வெள்ளிதோறும் தூசு தட்டும் பொறுப்பைத் தமக்கையார் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. முதலில் ஏணியை எடுத்து ஒரு கிண்ணத்தில் வைக்கின்றார். மென்தூரிகையால் மூக்கிலிருந்து வால்வரை துடைக்கின்றார். பின்னர் கண்ணாடியைத் தாழ்த்திப் பார்த்து, ஏணியை அதே இடத்தில், இடப்பக்கத்தில், மாட்டிவிட்டே கதவைச் சாத்துகின்றார்.